ஏலத்தைக் கலைக்க வந்தவர்

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

“எல்லாரும் நல்லா இருக்கோம்னு முதல்ல எழுதுங்க, உங்க புலம்பலை அப்புறம் வெச்சுக்கலாம்” என்று உன் அண்ணி பக்கத்தில் நின்று சொல்கிறாள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இனி புலம்பல்.

உன் போனுக்குள் யாரோ புகுந்து அத்தனையும் படித்துவிட்டார்கள், இனிமேல் வீட்டாரோடு பேச்சு கிடையாது, கடிதம் மட்டும்தான், அதுவும் கோர்ட்டின் தபால் பை வழியாகத்தான் என்று உங்கள் பாதுகாப்பு அதிகாரி சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த வயதில் எனக்கு மறுபடி பேனாவா? அப்புறம், உள்ளே புகுந்தவன் என்னவெல்லாம் படித்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணியின் முழங்கால் வலி. பேத்தி வாண்டுவின் பல் விழுந்த போட்டோ. மகன் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனது. சிரிப்பு நின்றுவிட்டது.

உன்னை டிவியில் காட்டினார்கள். மூன்று நீதிபதிகளில் நடுவில் நீ. இளைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த முன்னாள் தளபதி. கிராமம் கிராமமாகக் கொளுத்தச் சொன்னவர் என்கிறார்கள். ஆளைப் பார்த்தால் விருந்துக்கு வந்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நாளாக எதிரில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை எப்படித்தான் பார்க்கிறாயோ.

உனக்கு முதன்முதலாக மாஜிஸ்திரேட் வேலை கிடைத்தபோது என் ப்ளைவுட் லாரியில்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். டிரைவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாய். இறங்கும்போது தலையெல்லாம் மரத்தூள். கோர்ட்டு வாசலில் நின்றவர், நீதான் புது மாஜிஸ்திரேட் என்பதை நம்பவே இல்லை. அங்கிருந்து ஹைகோர்ட், அப்புறம் போர்க்குற்றங்களை விசாரிக்க அமைத்த அந்தத் தற்காலிக நீதிமன்றம், இப்போது எல்லா நாட்டுக்கும் பொதுவான கோர்ட்டு. நாடுகளெல்லாம் ஓட்டுப் போட்டு உன்னைத் தேர்ந்தெடுத்த அன்று கடைக்கு வந்தவர், போனவர், கடன் கேட்க வந்தவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அந்த வாயை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஏன் என்றால், போன வாரம் புது ஆள் ஒருவர் வந்தார். நல்ல உடுப்பு, கடை முழுக்க மணக்கிற சென்ட். நம் கணக்கர் உடனே அவருக்கு ‘சென்ட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார். ஹோட்டல் கட்டுகிறாராம், தண்ணீர் பட்டாலும் உப்பாத மரைன் ப்ளை நிறைய வேண்டுமாம். பாப்பா, ப்ளைவுட் வாங்க வருகிறவன் எவனாக இருந்தாலும் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்பான். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் தெரியாதவன்கூடத் தெரிந்த மாதிரி தட்டுவான். இவர் தட்டவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “உங்க தங்கச்சி பெரிய ஜட்ஜாமே?” என்றார்.

“ஆமா. ஆனா அதுக்கும் டிஸ்கவுண்டுக்கும் சம்பந்தம் இல்லை” என்றேன்.

சிரித்தார். அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு படு.

உன் அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பிரிக்கப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டு, மேலே ஒரு முத்திரையோடு வந்து சேர்ந்தது. அண்ணியின் முழங்கால் இப்போது எங்கள் பாதுகாப்புப் பிரிவின் கோப்பில் இருக்கிறது. அவரிடம் சொல்லாதீர்கள், திட்டுவார்.

கதவைப் பூட்டிக்கொண்டு படு என்று எழுதியிருக்கிறீர்கள். என் கதவை நான் பூட்டி மாதக்கணக்காகிறது. அதற்கு ஆள் இருக்கிறார். லிஃப்டில் எனக்கு முன்னால் அவர் ஏறுகிறார். கார் தினமும் வேறு வேறு வழியாகப் போகிறது. ஜன்னல் திரையை விலக்கக் கூடாது. வெளியே மழையா என்பதைக் காவலரின் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்தாலும் கதவைப் பார்த்தபடியே உட்காருகிறேன் என்பதை நேற்றுதான் கவனித்தேன். கதவுக்கு முதுகு காட்டி இருக்கும் நாற்காலிகள் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே புதிதாக இருக்கின்றன.

இனி அந்தப் புது வாடிக்கையாளர். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வழக்கைப் பற்றி என்னிடமோ என் குடும்பத்தாரிடமோ வெளியாள் யாராவது பேசினால், அது என் காதுக்கு வந்த அன்றே எங்கள் தலைமை நீதிபதியிடம் நான் சொல்லியாக வேண்டும். அவர் அதை இரண்டு தரப்புக்கும் தெரிவிப்பார். உடனே ஏதாவது ஒரு தரப்பு, ‘இந்த நீதிபதியை வெளியாள் நெருங்கிவிட்டார், இனி இவர் உட்காரக் கூடாது’ என்று மனுப் போடலாம். மாற்றாக இருந்த நீதிபதி உடல்நலம் கெட்டு எப்போதோ விலகிவிட்டார். இப்போது நான் எழுந்தால் என் இடத்தில் உட்கார ஆள் இல்லை. வழக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். சாட்சிகள் எல்லோரும் மறுபடி வர வேண்டும். சிலர் இனி வர மாட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை.

‘உங்க தங்கச்சி ஜட்ஜாமே’ என்று கேட்டதில் மட்டும் ஒன்றும் இல்லை. அது நாட்டுக்கே தெரிந்த விஷயம், உங்கள் வாய் சாதாரணமானதா? அவர் மறுபடி வந்தாரா, வழக்கைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் ஊகம் வேண்டாம், என்னைத் தேற்றவும் வேண்டாம்.

வாண்டு நீச்சல் கற்றுக்கொண்டாளா?

அன்புடன்,
பாப்பா


மார்ச் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் அமோகமாக இருக்கிறோம். அண்ணிக்கு முழங்கால் எவ்வளவோ தேவலை. புது டாக்டர் ஒருவர், நல்ல மனுஷன், வலிக்கிற இடத்தைத் தொடுவதே இல்லை. ஒரு தைலம் கொடுத்திருக்கிறார். வீடெல்லாம் நாற்றம், ஆனால் குணம் தெரிகிறது. படியில்கூட ஏறி இறங்குகிறாள். என்னைத் திட்டுகிற சுருதி பழையபடி ஏறிவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

சென்ட்டு மறுபடி வந்தார். சுத்த ஹோட்டல்காரர். நான்தான் மண்டையில் ஏதேதோ போட்டுக்கொண்டு உன்னையும் பயமுறுத்திவிட்டேன். சரக்கு எடுத்தார், போய்விட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை.

மருமகளும் வாண்டுவும் கொஞ்ச நாளைக்கு அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். ஃபிளாட்டில் பாத்ரூம் ஒழுகுகிறது, சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. வாண்டு நீச்சலுக்குப் போவதில்லை, சளி. கடையை இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிடுகிறேன். கண் முன்போல் இல்லை. வாசலிலும் குடோனிலும் கேமரா மாட்டியிருக்கிறேன். திருட்டு அதிகமாகிவிட்டது, இந்தத் தெருவில் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, ஓய்வு எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசித்தாயா? இத்தனை வருஷம் உழைத்தவள். உடம்பு முடியவில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது. ஃபேன் மட்டும் மாற்ற வேண்டும்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடை வாசலில் குழாய் சொட்டினாலே பிளம்பர் வீட்டு வாசலில் போய் நின்று அவரைக் கையோடு கூட்டிவருகிற ஆள் நீங்கள். பாத்ரூம் ஒழுகுகிறது என்று மருமகளையும் குழந்தையையும் வேறு ஊருக்கு அனுப்பினீர்களா?

என் வேலையே பொய்யைக் கேட்பதுதான். பொய் சொல்கிறவர், கேட்காத கேள்விக்கெல்லாம் காரணத்தோடு பதில் சொல்வார். நான் பாத்ரூமைப் பற்றிக் கேட்கவில்லை. கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு விஷயம். அதற்கு ‘வேறு ஒன்றும் பேசவில்லை’ என்று அரை வரி. அண்ணியின் தைலத்துக்கு ஒரு முழுப் பத்தி.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் அங்கியை மாட்டும்போது கை நடுங்குகிறது. உதவிக்கு இருக்கும் பெண், குளிர் என்று நினைத்து ஹீட்டரைக் கூட்டி வைக்கிறார். நானும் ‘ஆமாம், குளிர்’ என்கிறேன். தளபதி தினமும் வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், தெரிந்தவர் மாதிரி. இந்த வாரம் தலையசைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கோ காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததும் பயத்தோடு கூடவே ஓர் ஆசையும் வந்தது. ‘இந்த ஆள் அண்ணனை மிரட்டியிருக்கட்டும்’ என்ற ஆசை. மிரட்டியிருந்தால் நான் மரியாதையாக எழுந்து வெளியே போய்விடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. திரையை விலக்கி ஜன்னலைத் திறக்கலாம். உங்களையும் வாண்டுவையும் பணயம் வைத்து இப்படி ஓர் ஆசைப்பட்டேன் என்பதை எழுதவே கூசுகிறது. கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

என்னை ஏமாற்றாதீர்கள். என்ன நடந்தது?

பாப்பா


ஏப்ரல் 6

பாப்பா,

பொய்தான் சொன்னேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நடந்ததைக் கேள்.

சென்ட்டு மறுபடி வந்தபோது நான் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லாமல் ‘சரி’ என்றார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் தொழிலில் என் தலை நரைத்துவிட்டது, சொன்ன விலைக்குச் சரி என்றவரை நான் பார்த்ததில்லை. கணக்கர் பில் போட்டுக்கொண்டே, “டெலிவரி எங்க சார்?” என்று கேட்டார். அவர் முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டே போன கணக்கர் பாதியில் பேனாவை நிறுத்தினார். பில்லை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நம் மகனின் ஃபிளாட். எந்த மாடி, எந்தக் கதவு, லிஃப்டை விட்டு வெளியே வந்தால் இடது பக்கம் என்பது வரைக்கும்.

“அங்க ஹோட்டல் எதுவும் கட்டலையே” என்றேன்.

“கட்டலை” என்றார். “ஆனா மத்தியானத்துல வீட்ல ஆள் இருப்பாங்க இல்ல? குழந்தை ஸ்கூல் முடிஞ்சு வந்திருக்கும்.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் முதலாளி. தீர்ப்பை இப்படி எழுதச் சொல்லுங்க, அப்படி எழுதச் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா? நடந்ததை உங்க தங்கச்சிக்குத் தெரியப்படுத்துங்க, போதும். தளபதியோட ஆளுங்க வந்தாங்கன்னு சொல்லுங்க. அண்ணன் தங்கச்சிகிட்ட சொல்றதுல என்ன தப்பு?”

போய்விட்டார். கணக்கர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி என் சட்டையில் கொட்டியது, மீதி அவர் சட்டையில். சென்ட்டு முதல் தடவை வந்து போனதுமே மாட்டிய கேமராவில் அந்த முகம் பதிந்திருக்கிறது.

அன்று முழுக்க எனக்குப் பிடிபடவில்லை. மிரட்ட வந்தவன் எதையாவது கேட்பான். இவர் எதையும் கேட்கவில்லையே? உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. மர ஏலத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஏலம் தனக்கு எதிராகப் போகிறது என்று தெரிந்தால் சில பெரிய கைகள் விலையைக் கூட்ட மாட்டார்கள். ஓர் ஆளை உள்ளே அனுப்புவார்கள். அவன் எழுந்து நின்று, ‘ஏலம் விடுகிறவருக்கு நேற்று என் கையால் கொடுத்தேன்’ என்று கத்துவான். பொய்யோ மெய்யோ, புகார் வந்தால் எழுதியாக வேண்டும். எழுதினால் ஏலம் ரத்து. மறு ஏலம் எப்போதோ நடக்கும். அதற்குள் மரம் மழையில் கிடந்து ஊறிப்போகும், நியாயமாக வாங்க வந்தவன் பொறுமை கெட்டுப் போயிருப்பான். கத்தியவனுக்கு மரம் வேண்டாம், பாப்பா. ஏலம் கலைந்தால் போதும்.

சென்ட்டு என்னை விலைக்கு வாங்க வரவில்லை. என்னைக் கத்த வைக்க வந்தார். நான் உனக்கு எழுத வேண்டும், நீ அதை உங்கள் தலைமை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீ எழுந்து போக வேண்டும். அதற்குத்தான் அந்தத் தளபதி கடிகாரத்தைப் பார்க்கிறார். போலீஸுக்குப் போனாலும் அவர்கள் உங்கள் கோர்ட்டுக்குத்தான் எழுதுவார்கள். வழி வேறே, போய்ச் சேருகிற இடம் அதேதான்.

இது தெரிந்ததால்தான் பொய் எழுதினேன். அவர் கையில் நான் கருவியாகக் கூடாது என்று. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நேற்று அண்ணி கேட்டாள்: “அப்ப ஏன் பாப்பாவை ஓய்வு வாங்கிக்கச் சொன்னீங்க? ஏன் அந்த ஃபேன் கதை?”

அதனால் பச்சையாகவே சொல்கிறேன். நீ வெளியே வந்துவிடு. அந்தக் கிராமங்களுக்கு நடந்தது அநியாயம்தான், நான் மரக்கட்டை இல்லை. ஆனால் அண்ணனும் வாண்டுவும் இல்லாத ஒரு ஜட்ஜ் அந்த நாற்காலியில் உட்காரட்டும். சென்ட்டு என்ன கேட்டாரோ அதை இந்தக் கடிதத்தில் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். தளபதியின் ஆட்கள் வந்தார்கள். எழுதிவிட்டேன். இதைக் கொண்டுபோய்க் கொடு.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு தலைமை நீதிபதியின் அறைக்குப் போய்க் கொடுத்தேன். நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களையும் கொடுத்தேன், ஆசைப்பட்டேன் என்று எழுதியிருந்தேனே, அதையும் சேர்த்து. உடனே மருமகளையும் வாண்டுவையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டதாக எனக்குச் சொன்னார்கள். நீங்கள் ஊகித்தபடியே தளபதியின் தரப்பு என்னை நீக்கச் சொல்லி மனுப் போட்டது. ‘அச்சுறுத்தப்பட்ட நீதிபதி, அச்சத்தில் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார்’ என்று. பொய்யில்லையே.

மற்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி விசாரித்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதம் இரண்டு மொழிகளில் ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘வயிற்றைக் கலக்கியது’ என்பதற்கு, ‘இது உடல்நலக் குறைவைக் குறிப்பது அல்ல’ என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார். ஒரு நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை அடக்க.

பிறகு அவரே கேட்டார், “பயப்படுகிறீர்களா?”

“ஆமாம்.”

“பயப்படுகிறவரால் நடுநிலையாக இருக்க முடியுமா?”

“பயப்படாதவர்தான் உட்காரலாம் என்றால், எந்த வழக்கில் யார் உட்கார வேண்டும் என்பதை மிரட்டுகிறவர்தான் முடிவு செய்வார்” என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் கோர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன்.

என்னை நீக்க வேண்டியதில்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். முக்கியமான காரணம் உங்கள் கடிதம். வந்தவர் தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை, என்னை வெளியேற்றத்தான் வந்தார் என்பது அதில் அவர் வாயாலேயே இருக்கிறது. நீக்கினால் அவர் வந்த வேலையை இவர்கள் முடித்துக் கொடுத்ததாகிவிடும். உங்கள் கேமராவில் பதிந்த முகம் தளபதியின் பழைய படைப்பிரிவில் இருந்த ஒருவருடையது என்பதும் தெரிந்துவிட்டது. அவரைப் பிடித்துவிட்டார்கள்.

என்னை வெளியே எடுக்க எழுதினீர்கள், அண்ணா. அந்தக் கடிதம்தான் என்னை உள்ளே வைத்திருக்கிறது. உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. தெரிந்தேதான் செய்கிறேன் என்று நீங்கள் எழுதிய வரியை என்னால் இன்னும் தாண்டிப் போக முடியவில்லை. ஆனால் அதே வரியை நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் வெளியே எழுதினீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விரும்பினால் நானாக விலகிக்கொள்ளலாம் என்றார்கள். வழக்கின் தொடக்கத்தில் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் சாட்சி சொன்னார். நடுவில் அவரால் பேச முடியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருகிறீர்களா என்று நான்தான் கேட்டேன். “வேண்டாம். இப்ப எழுந்தா மறுபடி வந்து உட்கார மாட்டேன்” என்றார். எனக்கும் அதுதான் நிலைமை. நான் எழவில்லை.

இனி கடினமான பகுதி. அந்த ஆள்மேல் தனி வழக்கு நடக்கும். அதில் நீங்கள் சாட்சி. ஓர் அதிகாரி, ஒரு பெண்மணி, உங்களைப் பார்க்க வருவார். வாக்குமூலம் கொடுக்க நீங்கள் மறுக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மறுத்தால், கணக்கரிடம் கேட்பார்கள். எப்படியானாலும், நீதிபதியும் சாட்சியும் ஒருவருக்கொருவர் எழுதக் கூடாது, பேசக் கூடாது. என் தீர்ப்பு வந்து, அதன்மேல் மேல்முறையீடும் முடியும்வரை. வருடங்கள் ஆகலாம். இது உங்களுக்கு எழுத எனக்கு அனுமதி கிடைத்த கடைசிக் கடிதம்.

வாக்குமூலம் கொடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. தங்கையாகக்கூட இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை மட்டும் சொல்லலாம் என்றார்கள். சாப்பிடுகிறேன்.

உங்கள்,
பாப்பா


ஜூன் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அதிகாரி அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு பதில் எழுதிக்கொள்ளுங்கள் என்று தாள் கொடுத்தார். எங்களையும் இடம் மாற்றிவிட்டார்கள், எங்கே இருந்து எழுதுகிறேன் என்று எழுதக் கூடாதாம். எழுதவில்லை. ப்ளைவுட் இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள். இங்கே எல்லாம் இரும்பும் கண்ணாடியும்தான். அண்ணி வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டாள். “நாம யாருன்னு சொல்லக் கூடாதுன்னாங்க. முழங்காலைச் சொல்லக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?” என்கிறாள்.

கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மகன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. “உங்க தங்கச்சி, உங்க பெருமை, எங்க வீடு” என்றான் ஒரு நாள். அவ்வளவுதான் சொன்னான். வாண்டு மட்டும், எதற்கு வீடு மாற்றினோம் என்று தெரியாமல், புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று என்னைப் ‘பே’ என்று பயமுறுத்துகிறாள். நான் நிஜமாகவே அலறிவிட்டேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குப் பயம் போகவில்லை, பாப்பா. அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகும் போகவில்லை. அவருக்குப் பின்னால் எத்தனை பேரோ. அன்று ரொட்டி வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் மேல் அதே சென்ட் வாசனை. வாங்கின ரொட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அவர் யாரோ, பாவம்.

வாக்குமூலம் கொடுக்க மாட்டேன் என்றுதான் இந்த அம்மாவிடம் முதலில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வற்புறுத்தவில்லை. “அப்ப கணக்கரைத்தான் கேட்கணும்” என்று எழுந்தார். நான் கணக்கரை நினைத்துப் பார்த்தேன். அந்த முகவரியை அவர் கையால்தான் எழுதினார். சென்ட்டு முகத்தை என்னைவிட அவர்தான் கிட்டத்தில் பார்த்தார். அவருக்குக் கோர்ட்டில் தங்கச்சி இல்லை, வீடு மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை, படுக்கையில் கிடக்கிற மனைவி இருக்கிறாள். பீற்றிக்கொண்டது நான். மாட்டிக்கொள்வது அவரா? அந்தப் பேரத்துக்கு என் மனசு படியவில்லை. இந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். நான் சொல்கிறேன், அவரை விட்டுவிடுங்கள் என்றேன். திரைக்குப் பின்னால் இருந்து சொல்லலாமாம், குரலையும் மாற்றித் தருவார்களாம். “என் குரலை மாத்தினா நான் சொல்றது எனக்கே நம்பிக்கை வராதும்மா” என்றேன். சிரித்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். உன்னைக் காப்பாற்ற அந்தக் கடிதத்தை எழுதினேன் என்று அதில் எங்கேயாவது தொனித்திருந்தால் அதை நம்பாதே. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினேன். அதை வைத்துக்கொண்டு உங்கள் ஆட்கள் உன்னை உட்கார வைத்துவிட்டார்கள். நான் போட்ட கணக்கு இப்படித் தலைகீழாகப் போனதே இல்லை. கோபமாக இரு. இருக்க வேண்டியதுதான். ஆனால் எழுந்திருக்காதே.

உனக்குக் கை நடுங்கினால் குளிர் என்று சொல்ல வேண்டாம். பயப்படுகிற வேலையை என்னிடம் விட்டுவிடு. எனக்கு இப்போது கடை இல்லை, வேறு வேலையும் இல்லை. உனக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு இந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொல்கிறார், இந்தக் கடிதம் இப்போது உன் கைக்கு வராதாம். உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்களாம். அப்படியானால் எழுந்திருக்காதே என்று நான் எழுதியது எதற்கு என்று கேட்டேன். அவர் உறையை எடுத்து வைக்கிறார்.

அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உன் அண்ணன்